அரைப்பேர்

ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரிக்குப் பின்னால் கிடந்த மொரிஸ் பிக்கப்பை யாரும் வண்டி என்று சொல்வதில்லை. கோழி அடைகிற இடம் என்றுதான் சொல்வார்கள். கணேசமூர்த்தி அதைத் தனக்குக் கேட்டபோது, ஃபெக்டரியை நடத்துகிற டீ மேக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். "எடுத்துக்கிட்டுப் போப்பா, எடம் ஒழிஞ்சாச் சரி" என்றார். சிரிக்கட்டும். அவர் சம்சாரத்துக்கு வலி எடுத்தால் ஏற்றிப் போக ஜீப் இருக்கிறது.

கணேசமூர்த்திக்கு என்ன இருந்தது? போன முறை அவன் சம்சாரம் புஷ்பராணிக்கு வலி எடுத்தபோது லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. வரும் வரும் என்று பார்த்து, கடைசியில் அவளைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியின் கூரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ரோட்டோரத்தில் பிள்ளை பிறந்தது. அழவே இல்லை. இப்போது அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். இந்தப் பிள்ளை ரோட்டில் பிறக்கக் கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். பழைய வண்டி மேல் ஆசையாவது, மண்ணாங்கட்டியாவது!

அவன் ஃபெக்டரியில் கரண்டு வேலைக்காரன். வயர் தெரியும், எஞ்சின் தெரியாது. ஹட்டன் டவுனில் நெட் கஃபே வைத்திருந்த றமணன்தான் வழி சொன்னான். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியாரின் மகன். நல்ல பிள்ளை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அண்ணை, பழைய மொரிஸ் வச்சிருக்கிறவைக்கெண்டே நெட்டில ஒரு குழு இருக்கு. படத்தைப் போட்டுக் கேட்டுப் பாப்பமே?"

போட்டார்கள். அடேயப்பா, இந்த உலகத்தில் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்களா! இங்கிலாந்தில் ஒரு பென்ஷன்காரர், நியூசிலாந்தில் ஒரு டீச்சர், சென்னையில் ஒரு மெக்கானிக். முகம் தெரியாத அத்தனை பேரும் ஆனைக்கல் கோழிக்கூட்டுக்காகத் தூக்கம் கெட்டார்கள். இறுகிப்போன எஞ்சினுக்குள் டீசலை ஊற்றி ஊறப்போடச் சொன்னார்கள். இங்கிலாந்துக்காரர் பிரேக்குக்கு வேண்டிய ரப்பர்களைத் தபாலில் அனுப்பினார். கணேசமூர்த்தி பெட்டரியை மாட்டிப் புகையவிட்டபோது, அந்தக் காலத்து மொரிஸில் பொசிட்டிவ் வயரைத்தான் வண்டியின் பொடியில் மாட்ட வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து திட்டினார்கள். கரண்டுக்காரனுக்கே கரண்டுப் பாடமா என்று றமணன் ஒரு வாரம் சிரித்தான்.

எஞ்சின் பிடித்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மூச்சடைத்து நின்றுவிடும். கார்புரேட்டர் என்றார் ஒருவர், பம்ப் என்றார் இன்னொருவர். அப்போதுதான் 'நல்ல' என்ற பெயரில் ஒருவர் உள்ளே வந்தார். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. டேங்குக்குள்ள துணி கெடக்கு. மூடி தொலைஞ்சப்ப அடைச்சது, உள்ள போயிருச்சு. எடுத்துப் பாரு."

கணேசமூர்த்தி கம்பியை விட்டுத் துழாவினான். கறுத்து நைந்த துணி வந்தது. அன்றைக்கு எஞ்சின் நிற்காமல் ஓடியது. ஆனந்தத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் முன்பு இந்தத் தோட்டத்தில் இருந்து இந்தியாவுக்குப் போன ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். சீட்டுக்கு அடியில் ஜாக்கி இருப்பதையும் அவர்தான் சொன்னார். யார், எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

புஷ்பராணிக்கு நாள் நெருங்கிய நேரம் பார்த்து வண்டி நின்றுபோனது. நேற்று வரை ஓடியது இன்றைக்கு முக்கவும் இல்லை, முனகவும் இல்லை. வயர் சரி, பெட்ரோல் சரி. தலையைப் பிய்த்துக்கொண்டு ஹட்டனுக்கு ஓடினான்.

"அந்த 'நல்ல' உங்களைக் கேட்டவர் அண்ணை. நீங்கள் இல்லை எண்டு நானே பதில் போட்டிட்டன்" என்று றமணன் திரையைக் காட்டினான்.

குழுவில் உதவி செய்தவர்களுக்கெல்லாம் கணேசமூர்த்தி பெயர் பெயராக நன்றி எழுதச் சொல்லியிருந்தான். அதன் கீழே அந்த ஆள் கேட்டிருந்தார்: "எனக்குப் பேர் போட்டாச்சா?"

றமணன் பதில்: "அரைப்பேர்தான் போட்டிருக்கு. முழுப்பேர் தெரியாதே."

அதற்குக் கீழே ஒரே வரி: "இப்பயும் அதானா."

கணேசமூர்த்தி அந்த வரியைத் திருப்பிப் படித்தான்.

"அடப்பாவி! என்னா காரியம் பண்ணியிருக்க தம்பி!"

"ஏன், நான் எழுதினதில என்ன பிழை? அவற்ற பேர் அரைவாசிதானே கிடக்கு?"

றமணனுக்கு எப்படித் தெரியும்? தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. அந்தி வரை செய்தால் முழுப்பேர். பாதியில் விட்டால் அரைப்பேர். நல்லமுத்து என்று ஒரு ட்ரைவர் இருந்தார். தொண்ணூற்றிரண்டில், கணேசமூர்த்தி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், பிள்ளை வலி எடுத்த செல்லக்கிளியை இதே பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு டிக்கோயாவுக்குப் புறப்பட்டார். கல்லுமுடக்கு என்கிற வளைவில் மண் சரிந்து விழுந்தது. இரண்டு பேரும் அங்கேயே செத்தார்கள்; வண்டியை மட்டும் தோண்டி எடுத்து ஃபெக்டரிக்குப் பின்னால் போட்டார்கள். செத்தது மத்தியானத்துக்கு முன்னால் என்று அன்றைக்கு அவருக்கு அரைப்பேர் போட்டான் ஒரு புண்ணியவான். அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லிச் சொல்லி லயத்து வரிசை வீடுகளின் சனம் இன்னும் மண்ணை வாரித் தூற்றும்.

மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று றமணன் தேடினான். 'நல்ல' என்று அந்தக் குழுவில் யாருமே இல்லை. அவர் எழுதிய ஒரு வரியும் இல்லை. றமணன் போட்ட பதில் மட்டும் யாருக்கென்று தெரியாமல் தனியாகக் கிடந்தது. வாய் நீளமான அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து புஷ்பராணியிடம் சொன்னான். சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை.

"பாவம், அவரு பொழப்பப் பாருங்க" என்றாள்.

வலி வந்தது ஹர்த்தால் நாளில். எந்த ஆட்டோவும் ஓடவில்லை, லொறியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. காலை பத்து மணிக்கே பனி இறங்கி லயத்தை மூடியிருந்தது. புஷ்பராணி பல்லைக் கடித்துக்கொண்டு பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தாள். கணேசமூர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். ஒன்றுமில்லை. திருப்பித் திருப்பிக் கை வலித்தது. போன முறை கம்பளிக்குள் பார்த்த அந்தச் சின்ன முகம் அவன் கண்ணுக்குள் வந்து நின்றது.

வெட்கம் மானம் எல்லாம் போய்விட்டது. "நல்லமுத்தண்ணே, முழுப்பேர்ண்ணே! நான் போடுறேன், முழுப்பேரு!" என்று டேஷ்போர்டைப் பார்த்துக் கத்தினான்.

சத்தமே இல்லை.

"ஏங்க," என்றாள் புஷ்பராணி, மூச்சு வாங்க. "ட்ரைவர் சீட்டுல நீங்க ஒக்காந்துக்கிட்டா, அவரு எங்க ஒக்காருவாரு?"

ஒருத்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்காத கை அது. அந்தக் கையிலா இவளைக் கொடுப்பது? பிள்ளையையும் சேர்த்து? ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்? இறங்கினான். சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் ஏறி, அவளைத் தன்னோடு அணைத்துக்கொண்டான். ட்ரைவர் சீட்டு காலியாகக் கிடந்தது. பிறகு அதன் குஷன் மெல்ல அமுங்கியது. எஞ்சின் பிடித்தது.

சொன்னால் நம்ப மாட்டார்கள், அவனும் யாரிடமும் சொல்லவில்லை. கியர் தானாக விழுந்தது. ஸ்டியரிங் முடக்குக்கு முடக்கு பக்குவமாகத் திரும்பியது. குழி வந்த இடத்தில் வண்டி ஊர்ந்தது. அவளுக்கு அலுங்காமல் போயிற்று. பழைய பீடிப் புகை மணத்தது. கணேசமூர்த்தி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கல்லுமுடக்கில் வண்டி வேகம் குறைந்து கிட்டத்தட்ட நின்றது.

"ஏங்க, அங்க ஒரு பொம்பள நிக்குது" என்றாள் புஷ்பராணி. "வயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. பாவம், ஏத்திக்குவோம்."

அவன் பார்த்தான். மண்மேடும் பனியும்தான் தெரிந்தன. "அண்ணே, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம், இவள மொதல்ல கொண்டு போயிருங்க" என்று அழுதுவிட்டான். கொஞ்ச நேரம் எஞ்சின் யோசிப்பது போல உறுமிக்கொண்டிருந்தது. பிறகு வண்டி நகர்ந்தது. புஷ்பராணி பின் கண்ணாடி வழியே அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அட்டென்டன்கள் ஓடி வந்து அவளை ட்ரொலியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் வெளியே வராந்தாவில் நின்றான், சாமியெல்லாம் கூப்பிட்டான், நகத்தைக் கடித்தான். கதவுக்குப் பின்னாலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. என்ன குரல்! பெண் பிள்ளை என்றார்கள். தாயும் பிள்ளையும் சுகம் என்றார்கள். கணேசமூர்த்தி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து விம்மினான்.

நல்லமுத்துவுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாசலுக்கு வந்தான். வண்டி இல்லை. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

மலைப் பக்கமாகப் போகிற ரோட்டில் எஞ்சின் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அவனுக்குப் புரிந்துவிட்டது. முழுப்பேர் என்று இவன்தானே கத்தினான்? முழுப்பேருக்கு உண்டான வேலை புஷ்பராணி இல்லை. அந்த மனிதர் பாதியில் விட்ட வேலை கல்லுமுடக்கில் இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஓடிப் போய்விடலாமா என்றிருந்தது அவனுக்கு. அங்கேயே நின்றான்.

பனிக்குள்ளிருந்து பிக்கப் திரும்பி வந்தது. வலி எடுத்தவளை ஏற்றி வருகிற வண்டி எப்படி வருமோ அப்படி, மெல்ல, அலுங்காமல் வந்து வாசலில் நின்றது. இந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. வழக்கம் போல ஓர் அட்டென்டன் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "லெடா கோ?" என்று சிங்களத்தில் கேட்டான். நோயாளி எங்கே?

ட்ரொலியின் மெத்தை நடுவில் குழிந்து இறங்குவதைக் கணேசமூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரங்கள் கிறீச்சிட்டன. அட்டென்டனும் பார்த்தான். பார்த்ததும் கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

உள்ளேதான் புஷ்பராணி படுத்திருக்கிறாள். உள்ளேதான் அவன் பிள்ளை இருக்கிறது. செத்தவளை அந்தக் கதவுக்குள் கொண்டு போகலாமா? ஆனால் கூரை தெரிகிற தூரத்தில் வந்து நின்றுவிடுவது என்றால் என்ன என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

ட்ரொலியைப் பிடித்தான். நல்ல கனம், இரண்டு உயிரின் கனம். மூச்சைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் தள்ளினான். வழியெல்லாம் நோயாளிகளும் பார்க்க வந்தவர்களுமாக ஒரே கூட்டம்.

"தள்ளிக்குங்க, வழி விடுங்க," என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான். "புள்ள வலி எடுத்த பொம்பள வருது!"