கிளட்ச்சுக்குப் பல் வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் டாக்டரின் மனைவி பெட்டியைக் கட்டிவிட்டாள். அக்கா வீட்டுக்குப் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று அவள் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை.

எல்லாம் முந்தின நாள் கண் டாக்டர் வீட்டு விருந்தில் வந்த வினை. சாப்பிட்டு முடித்த கூட்டம் சிரிப்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்று உட்கார்ந்திருந்த நேரத்தில் இவர் வாயைத் திறந்தார். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவர், தன் வாயைத் திறக்குமுன் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"எங்க வண்டியில கிளட்ச் போற மாதிரி இருக்கு. போகாம என்ன பண்ணும்? இவ ஏறி உக்காந்தா எறங்குற வரைக்கும் கால் அதுமேலயேதான் இருக்கும். கிளட்ச்சா அது, இவளுக்குக் கால்மணை!"

எல்லோரும் சிரித்தார்கள். கண் டாக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் கணக்கு டீச்சர். யாரை எப்போது வகுப்புக்கு வெளியே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியும். வீடு வந்து சேரும்வரை கியர்தான் கர்ர் கர்ர் என்று பேசியது, அவள் பேசவில்லை.

இப்போது பெட்டியைப் பின்சீட்டில் வைத்துவிட்டுக் கிளட்ச்சை மிதித்தாள். பெடல் சேற்றில் கால் வைத்ததுபோல் தரைவரைக்கும் போனது. ரிவர்ஸ் விழவே இல்லை.

"வாடகை வண்டியில போய்க்கறேன்" என்றாள்.

அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. அக்கா வீட்டில் அவருடைய சகலை இருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் "என்ன டாக்டர், உங்க வண்டி இன்னும் உசுரோட இருக்கா?" என்று குசலம் விசாரிக்கிற மனிதர். இவள் வாடகை வண்டியில் போய் இறங்கினால் அந்த மனிதருக்கு ஒரு வருஷத்துக்குத் தீனி.

"இரு. நானே சரி பண்றேன்."

"உங்கள விட்டுட்டுப் போறதுக்கு நீங்களே வண்டி ரெடி பண்ணித் தர்றீங்களா? ரொம்ப சந்தோஷம்."

அவர் மெக்கானிக்குக்குப் போன் செய்தார். மெக்கானிக் முடிதிருத்தும் கடையில் இருந்தான்.

"சீக்கிரம் சொல்லுங்க டாக்டர், பாதி மீசைதான் இருக்கு."

இவர் சொன்னார்.

"உங்க வண்டியில கேபிளைத் திருகி இறுக்குறதுக்கு நட்டு கெடையாது. கம்பெனிக்காரனே பெடலுக்கு மேல பல்லு வச்ச சக்கரம் ஒண்ணு வச்சிருக்கான். கேபிள் தளர்ந்தா அதுவே ஒவ்வொரு பல்லா நகந்து இழுத்துக்கும். பெடலை அடியிலேர்ந்து மேல தூக்குங்க. டிக் டிக்குன்னு கேக்கும். அப்பறம் மெதுவா மிதிச்சு விடுங்க. தீந்துச்சு."

"கேக்கலன்னா?"

"பல்லுக்கு நடுவுல என்னமோ மாட்டியிருக்கும். பல்லு உங்க சமாசாரம். நீங்களே பாத்துக்குங்க" என்று மீதி மீசைக்குப் போய்விட்டான்.

தூக்கிப் பார்த்தார். டிக் கேட்கவில்லை. சரி, உள்ளே பார்த்தே தீர வேண்டும். சீட்டின் சாய்மானத்தைப் படுக்கவைத்து, கால்களை அதன்மேல் தூக்கிப் போட்டு, தலையைப் பெடல்களுக்குக் கீழே நுழைத்தார். இந்தக் கோணத்தில் படுப்பதற்கு மனித உடம்பில் எங்கோ ஒரு மூட்டு குறைகிறது. தொப்பை நழுவி மூச்சை அடைத்தது. சட்டை கழுத்துக்கு வந்துவிட்டது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியின் இரண்டு திருகாணிகளையும் கழற்றினார். மூடி விழுந்தது. கூடவே அவர் முகத்தின்மேல் சரசரவென்று மழை பெய்தது. சிவப்பு, பச்சை, தங்க நிறம். அத்தனையும் மிட்டாய்க் காகிதம்.

அவள் ஒன்றை எடுத்து டார்ச்சில் காட்டிப் படித்தாள்.

"இது என்னங்க?"

அவர் கீழே விழுந்த திருகாணிகளைத் தேடத் தொடங்கினார்.

"ஏங்க, உங்களத்தான்."

"முன்னாடி வச்சிருந்தவன் போட்டிருப்பான்."

"இது நாம புதுசா வாங்குன வண்டி."

"அப்ப... எலியா இருக்கும்."

"எலி ஒவ்வொண்ணையும் நாலா மடிச்சு வச்சிருக்கு."

அவள் குனிந்து, தலைகீழாய்க் கிடந்த அந்த முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நம்ம பொண்ணு சின்னவளா இருந்தப்ப பொறந்த நாளுக்கு வந்த மிட்டாய் டப்பாவ அப்படியே குப்பையில கொட்டினீங்க. ஞாபகம் இருக்கா? அழுதழுது மூஞ்சி வீங்கிப் போச்சு அதுக்கு."

"அது அவ பல்லுக்காக."

"இது?"

"இது... டென்ஷனுக்காக."

உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நாள் முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் மிட்டாய் விஷம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் வழியில் தினமும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். காகிதத்தை ஸ்டியரிங் பக்கத்துச் சில்லறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்த சந்தில் திணித்துவிடுவார். சந்து எங்கே போய் முடிகிறது என்று அவர் யோசித்ததே இல்லை.

"சக்கரம் தெரியுது" என்றார், பேச்சை மாற்ற. "ஒரு முழு மிட்டாய் உள்ள விழுந்து வெயில்ல உருகியிருக்கு. சக்கரத்தப் பிடிக்கிற கொக்கி கவ்வ மாட்டேங்குது. ஒட்டிக்கிச்சு."

"எங்க ஒட்டிக்கிச்சு?"

"பல்லுல."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கோபத்தை விட்டுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

"டார்ச்ச ஆட்டாதடி! என் பையில கொக்கி ஊசியும் சின்னக் கண்ணாடியும் இருக்கும், எடுத்துட்டு வா."

எடுத்து வந்தாள். கையில் தன் ஆயுதம் வந்ததும் மனிதர் மாறிவிட்டார். கண்ணாடியைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டி, ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினார். உருகிய மிட்டாய் நூல் நூலாக வந்தது. ஓரிடத்தில் ஊசியை ஆழமாக விடவேண்டியிருந்தபோது, பழக்க தோஷத்தில், "லேசா வலிக்கும், அசையாதீங்க" என்று சக்கரத்திடம் சொன்னார்.

சுத்தமானதும் பெடலைக் கையால் மேலே தூக்கினார்.

டிக்.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் தூக்கினார். டிக், டிக். கேபிள் விறைத்தது.

"கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு கேட்டுச்சு. வெளிய வாங்க."

வர முடியவில்லை. அவள் இரண்டு காலையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. பிறகு அவள் உட்கார்ந்து கிளட்ச்சை மெதுவாக மிதித்தாள். கியர் வெண்ணெயில் கத்தி போனதுபோல் விழுந்தது.

"ஏறுங்க" என்றாள்.

சமாதானமாகிவிட்டது என்று நம்பி, முகம் கைகூடக் கழுவாமல் ஏறிக்கொண்டார். வண்டி அக்கா வீட்டுப் பக்கம் திரும்பாமல் கண் டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றது.

"எறங்கிப் போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு?"

"கிளட்ச் ஏன் போச்சுன்னு. நேத்து அவ்வளவு நல்லா கதை சொன்னீங்களே."

போனார். கண் டாக்டர் பனியனோடு கதவைத் திறந்தார். கேட்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "ஏய், இங்க வா, இத நீ கேக்கணும்" என்று மனைவியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லவைத்தார். கதையில் எலி வரும் இடத்தில் இவர் இருக்கும்போது பின்னால் வண்டி கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது, ஒரு முனகல் இல்லை.

"என்னமா மாத்துறா பாருங்க" என்று பெருமையோடு திரும்பியவர், தெரு காலியாக இருப்பதை அப்போதுதான் கவனித்தார். சட்டையெல்லாம் கிரீஸோடு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

சாயங்காலம் போன் வந்தது.

"கிளட்ச் நல்லா இருக்கு" என்றாள்.

"ம்."

"அத்தான் வண்டியும் இதே மாடல்தானே? அதையும் பாத்தேன். பெடலைத் தூக்குனேன், டிக் டிக்குன்னுச்சு. எல்லாரும் வாயப் பொளந்துட்டாங்க. அத்தானுக்குப் பேச்சே வரல."

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. "நம்ம வண்டிய யார் சரி பண்ணதுன்னு சொன்ன?"

"நான்தான்னு சொன்னேன். யார் கேட்டாலும் நீங்களும் அப்படித்தான் சொல்லணும்."

அவர் கறுத்துப்போன தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார்.

"எப்ப வர்ற?"

"மொதல்ல சொல்லுங்க. யார் சரி பண்ணது?"

"நீதான்."

"நாளைக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சதும் வந்துடறேன்."

வந்துவிட்டாள். இப்போதெல்லாம் சொந்தத்தில் யாருக்குக் கிளட்ச் தகராறு என்றாலும் போன் அவளுக்குத்தான் வருகிறது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவரைப் பார்ப்பாள். அவர் மெதுவாகச் சொல்லுவார். அவள் சத்தமாகச் சொல்லுவாள்.