சுண்டுவிரல் பெயர்

எங்கள் வீட்டில் வாயால் பேசுகிற ஒரே ஆள் நான்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று பேருக்கும் சேர்த்து வெளியில் நானே பேசிப் பேசி, வாயாடி என்று பெயர் வாங்கிவிட்டேன். வீட்டுக்குள் எல்லாம் கைதான். சண்டையும் கைதான். பாத்திரம் கழுவும்போது அப்பாவுக்குக் கோபம் வந்தால் சுவரெல்லாம் நுரையாகிவிடும்.

மூவருக்கும் கைப்பெயர் உண்டு. எனக்கு மூக்கைத் திருகுவது. அம்மாவுக்கு, சுண்டுவிரலை மட்டும் நீட்டிக் கன்னத்தில் இரண்டு முறை தொடுவது. சிரித்தால் அவளுக்கு அங்கே குழி விழும். முதன்முதலாகப் பார்த்த அன்றே அப்பா வைத்த பெயர் அது.

போன வருடம் அடுப்படியில் கேஸ் கசிந்து தீப்பிடித்தது. நான் பஸ் நிலைய விசாரணைக் கவுண்ட்டரில் வேலையாக இருந்தேன். அம்மாவின் மேல் எரிந்த தீயை அப்பா வெறுங்கையால் அடித்து அணைக்கப் பார்த்திருக்கிறார். அம்மா பிழைக்கவில்லை.

அப்பாவின் இரண்டு கைகளிலும் புண் ஆறிய இடம் தடித்து, கயிறு கயிறாகப் புடைத்துக்கொண்டது. விரல்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தன. சோபா உறை தைக்கிற வேலை போயிற்று. கைப்பேச்சும் குளறியது. தண்ணீர் கேட்கிறாரா, கதவைச் சாத்தச் சொல்கிறாரா என்று எனக்கே புரியாது. எப்படியோ சமாளித்தோம். ஆனால் சுண்டுவிரல் தனியாக எழவே இல்லை. வேறு விரலால் கன்னத்தைத் தொட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மிட்டாய் என்று அர்த்தம். அம்மா பேச்சை நான் எடுத்தாலே, அப்பா கையைக் காட்டி, "விரல் வரலைம்மா" என்று தலையாட்டிவிடுவார். அம்மாவை நினைத்து அழ எனக்கு அவர் ஒருவர்தான் துணை. அந்த ஒரு விரல் எழுந்தால் போதும் என்று கிடந்தேன்.

தோல் டாக்டர் என்னைப் பார்த்தே பேசினார். "கத்தி வைக்க வேணாம். தழும்புக்குள்ளயே ஊசி மருந்து போடலாம், இல்லன்னா லேசர். எது ஒத்துக்குதுன்னு ஒரு கைக்கு ஒண்ணா பண்ணிப் பாப்போம்."

"அவர்கிட்ட சொல்லுங்க டாக்டர். அவர் கைதானே? நான் வெறும் ஸ்பீக்கர்."

டாக்டர் அசடு வழிந்தபடி அப்பா பக்கம் திரும்பினார். இடது கைக்கு ஊசி, வலது கைக்கு லேசர் என்று முடிவானது.

ஊசி படு வலி. கெட்டித் தழும்புக்குள் மருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தன் சத்தம் தனக்கே தெரியாமல் அப்பா அலறுவார். வெளியே காத்திருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். ஆனால் மேடு மளமளவென்று அமுங்கியது. தோல்தான் வெளுத்து மெலிந்துபோனது. லேசர் நேர்மாறு. பொடிப்பொடியாகத் துளை போட்டு அனுப்புவார்கள், ஒரு வாரம் சிவந்து எரியும், மேடு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

"ஒண்ணுமே குறையலையே" என்று டாக்டர் மேல் வள்ளென்று விழுந்தேன்.

"தோல் இளகுதும்மா. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். இளகித்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னார். வலது சுண்டுவிரல் நடுங்கிக்கொண்டே தனியாக எழுந்தது. இடது எழவில்லை.

"மேட்டைக் குறைக்கிறதுல இவருக்கு ஊசி கெட்டி. விரலை விடுவிக்கிறதுல லேசர்தான். அடுத்த வாரமே இடது கைக்கும் அதை ஆரம்பிச்சிடலாம்" என்றார். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் நான் கைதட்டினேன். அப்பா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரில் உட்கார்ந்து கையால் கேட்டேன். "இப்பதான் விரல் வருதேப்பா. அம்மாவைக் கூப்பிடுங்க."

சுண்டுவிரலை நீட்டினார். கன்னத்துக்கு அருகில் கொண்டுபோனார். தொடவில்லை. கையை இறக்கி, நிதானமாக, ஒரு குளறலும் இல்லாமல் பேசினார்.

"இத்தனை நாளும், விரல் வரல, அதனாலதான் அவளைக் கூப்பிடலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப விரல் வந்துடுச்சு. கூப்பிட்டா எதிர்ல நின்னு பாக்க உங்கம்மா இல்லையே."

அவர் மடியில் முகம் புதைத்து அழுதேன். அப்பாவும் அழுதார். வெகுநேரம் கழித்து என் தோளைத் தட்டி நிமிரச் சொன்னார்.

"இடது கைக்கு லேசர் வேணாம். அதுலயாவது விரல் வராம, இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."