விளக்கெண்ணெய் பூசிய தகடு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளெமென்ட் காரின் முன்சீட்டைக் கழற்றி வாசலில் வைத்தான். கால்மிதியை உரித்தான். அடியில் தரைத் தகடு அப்பளம் போலப் பொரிந்து கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினான். அது மறுபக்கம் போய் சிமெண்டுத் தரையில் இடித்தது.

மதில்மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பக்ருன்னிசா, "ஏம்ப்பா, பிரிச்சு எடைக்குப் போடப் போறியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. துருவ எடுத்துச் சரி பண்ணப் போறேன்."

"நீயா?"

"யூட்யூப்ல பாத்தேன்."

"அப்பச் சரி. எங்க வீட்டுக்காரரும் அதுல பாத்துத்தான் மிக்சியச் சரி பண்ணுனாரு. இப்ப நான் அம்மியில அரைக்கிறேன்."

கிளெமென்ட் சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. ஒரு வருடமாகவே அப்படித்தான். அவளும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கார் அவன் மனைவி ஏஞ்சலினுடையது. கல்யாணமான புதிதில் அவள் அப்பா பாஸ்கல் பழைய காராகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். அதில்தான் ஓட்டப் பழகினாள், அதில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்வந்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கார் சனிக்கிழமைகளில் மட்டும் ஓடியது. ரெட்டியார்சத்திரம் தாண்டி மாமனார் தோட்டத்துக்குப் போவான். அங்கே போய் ஒன்றும் பேசுவதில்லை. சாப்பிடுவான். கட்டிலில் படுப்பான். சாயங்காலம் பாஸ்கல் டிக்கியில் முருங்கைக்காயோ கத்தரிக்காயோ ஏற்றிவிடுவார். திரும்பி வருவான்.

பைக்கிலும் போகலாம்தான். ஆனால் மகள் இல்லாத வீட்டுக்கு மருமகன் எதற்காக வருகிறான் என்று ஊரில் யாராவது கேட்டால் சொல்வதற்கு அவனிடம் பதில் இல்லை. கார் வந்தால் யாரும் கேட்பதில்லை. பாஸ்கல் வீட்டுக் கார் பாஸ்கல் வீட்டுக்கு வருகிறது, அவ்வளவுதான். கார் போய்விட்டால் சனிக்கிழமையும் போய்விடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தரை சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த முறையும் தள்ளிவிட்டால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று புரோக்கர் கையை விரித்துவிட்டான்.

சனிக்கிழமை தெருமுனை வெல்டர் ரஃபி வந்து, இற்றுப்போன இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான். கிளெமென்ட் மாமனாருக்குப் போன் செய்தான்.

"இன்னைக்கு வர முடியாது மாமா. காரு வேலையா இருக்கு."

"அப்படியா மாப்ள," என்றார் அவர். அப்புறம், "சரி," என்றார். வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் பிடித்து அவரே வந்து நின்றார். கையில் மஞ்சள் பை. காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"நீங்களா தேய்ச்சீங்க?"

"ஆமா மாமா."

"அம்புட்டும் கையாலயா?"

கிளெமென்ட் விடிந்ததிலிருந்து கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளுமாக உட்கார்ந்திருந்தான். பழைய தகட்டில் துரு ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. புதுத் தகடும் பழையதும் ஒரே வெள்ளையாக மின்னின. இனி தின்னர் தொட்டுத் துடைத்து, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்டு அடித்து, காயவிட வேண்டியதுதான் பாக்கி. மாமனாருக்கு வீட்டில் சமைத்து வைக்கவில்லையே என்று பிரியாணி வாங்கிவரக் கிளம்பினான்.

கடையில் கூட்டம். பொட்டலத்தோடு திரும்பியபோது பாஸ்கல் சட்டையைக் கழற்றிவிட்டுக் காருக்குள் குனிந்திருந்தார். கையில் பழைய துணி. பக்கத்தில் சமையலறை அலமாரியிலிருந்த விளக்கெண்ணெய்ப் பாட்டில், பாதி காலி. வரப்பில் விளைந்த ஆமணக்கில் ஆட்டி மாதாமாதம் அவரே கொண்டுவந்து கொடுப்பது. தகடு முழுக்கப் பளபளவென்று எண்ணெய்.

"சிறுமலைப் பக்கம் மேகம் ஏறிருச்சு மாப்ள," என்றார் நிமிராமல். "இரும்ப வெறுமன விட்டா ராத்திரிக்குள்ள துரு பூத்துரும். மம்பட்டி, அருவா எல்லாத்துக்கும் நான் இதத்தான் பூசுறது. சந்து விடாம ஏத்திட்டேன்."

கிளெமென்ட் பொட்டலத்தைப் படியில் வைத்தான்.

"மாமா, எண்ணெ மேல பெயிண்டு ஒட்டாது."

அவர் நிமிர்ந்தார். துணியைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார்.

"ஒட்டாதா?"

"ஒட்டாது. தோலு மாதிரி உரிஞ்சு வந்துரும்."

"அந்த ஆபீசரு...?"

"சுரண்டிப் பாப்பாரு."

பாஸ்கல் படியில் உட்கார்ந்தார். எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால்மேல் மலர்த்தி வைத்துக்கொண்டார். "கெடுத்துட்டேனே," என்றார். "எம்புள்ள காரு. நானே கெடுத்துட்டேனே."

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று கிளெமென்டுக்குத் தோன்றியது. துடைக்கத் தொடங்கினான். இருந்த தின்னர் ஒரு டம்ளர், அது கடைசித் துடைப்புக்கே சரியாகும். ஞாயிற்றுக்கிழமை பெயிண்டுக் கடை கிடையாது. பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஊற்றித் தேய்த்தான். நுரை பொங்கியது. விரலால் தொட்டால் பிசுக்கு அப்படியே இருந்தது. விளக்கெண்ணெய் சும்மா போகிற எண்ணெய் இல்லை. மறுபடி தேய்த்தான். மறுபடி பிசுபிசுத்தது.

தேய்க்கிற கையை நிறுத்தினான். எழுந்து குளியலறைக்குப் போனான்.

சன்னல் விளிம்பில் ஏஞ்சலினின் சீயக்காய் டப்பா இருந்தது. அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. சனிக்கிழமைதோறும் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்து ஊறவிட்டு இதைத்தான் போட்டுக் குளிப்பாள். அவள் போன பிறகு அவன் அந்தச் சன்னலைத் திறந்ததும் இல்லை, டப்பாவை நகர்த்தியதும் இல்லை. மூடியில் தூசு படிந்திருந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

பாஸ்கல் டப்பாவை அடையாளம் கண்டுகொண்டார். அரைத்துக் கொடுத்தது அவர் மனைவி அல்போன்சா.

"அது வேணாம் மாப்ள," என்றார்.

"வேற எதுக்கும் போகல மாமா."

"அது இருக்கட்டுமே. காரு போனாப் போயிட்டுப் போகுது."

"காரு போகக் கூடாது," என்றான் கிளெமென்ட். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "போனா நான் எப்படி மாமா அங்க வாரது?"

பாஸ்கல் அவனை ஏறிட்டுப் பார்த்தார். கையை நீட்டி டப்பாவை வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, தகட்டின் மேல் தூவினார்.

தண்ணீர் தெளித்துக் குழைத்து இருவரும் தேய்த்தார்கள். வாசனை எழுந்தது. பாஸ்கல் முகத்தைத் திருப்பிக்கொண்டே தேய்த்தார். கிளெமென்ட் திருப்பிக்கொள்ளவில்லை. கண் எரிந்தது. சீயக்காய் எரியும்தான். புறங்கையால் துடைத்தால் இன்னும் எரிந்தது. துடைப்பதை விட்டுவிட்டான். ஒழுகட்டும் என்று விட்டுவிட்டுத் தேய்த்தான்.

மதிலுக்கு மேல் பக்ருன்னிசாவின் தலை தெரிந்தது. "என்ன மாமனும் மருமகனும் காருக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறீங்க?" என்றாள். அவன் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "ஈரத்த அப்படியே விட்டா துரு ஏறாதா? இரு, எம்மக முடி காயவைக்கிற மிசின எடுத்தாரேன்."

"சாம்பிராணியும் போட்டுருவோமாக்கா?" என்றான் கிளெமென்ட்.

அவள் ஒரு கணம் வாயடைத்து நின்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே ஓடினாள். பாஸ்கலும் சிரித்தார். சிரித்தபடியே மூக்கைத் துண்டால் சிந்தினார்.

துணியால் ஒற்றி எடுத்து, மிசினால் ஊதிக் காயவைத்தார்கள். கிளெமென்ட் உப்புத்தாளால் மேலாக ஒரு தடவை ஓட்டினான். இருந்த தின்னரால் துடைத்தான். விரலை வைத்து இழுத்தால் கிறீச்சென்றது. ரெட் ஆக்சைடு அடித்தான். பாஸ்கல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார். எதையும் தொடவில்லை. ஆறிப்போன பிரியாணியை இருவரும் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை அந்த அதிகாரி கால்மிதியைத் தூக்கச் சொன்னார். சாவிமுனையால் தரையைச் சுரண்டினார். சிவப்புப் பூச்சு உரியவில்லை. ஓரத்திலும் சுரண்டினார். பூட்ஸ் காலால் அழுத்தி மிதித்துப் பார்த்தார்.

"எந்தப் பட்டறை?"

"வீட்டுலதான் சார்."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

கிளெமென்ட் காரை வேப்ப மரத்தடியில் ஓரம்கட்டிவிட்டுப் போன் செய்தான்.

"மாமா, பாஸாயிருச்சு."

"ஆயிருச்சா?" அந்தப் பக்கம் அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. "ஏ அல்போன்சா, ஆயிருச்சாம்." பிறகு போனுக்கு வந்தார். "அப்ப சனிக்கிழமை வெயிலுக்கு முந்தி வந்துருங்க மாப்ள. ஆளு கிடைக்கல. முருங்கைக்கா நாமதான் பறிக்கணும்."

"வாரேன் மாமா."

அவர் போனை வைக்கவில்லை. இவனும் வைக்கவில்லை. அங்கே கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைச் சற்று நேரம் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.