ஒரு கிராம் பொட்டுக்கடலை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தாம்பரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் செல்வமேரி டீச்சர் வருகிறாள் என்றாலே பிள்ளைகள் வராண்டாவில் ஒதுங்கி நிற்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்?

எண்பத்தெட்டில் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் பள்ளிக்கு ஒரே ஒரு பெண்ணை அனுப்பச் சொன்னார்கள். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு அம்மணியின் பெயரை எழுதினேன். ஒரு கிராம் பொட்டுக்கடலையைத் தகர மூடியில் வைத்துக் கொளுத்தி, அந்தச் சூட்டில் நூறு மில்லி தண்ணீர் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று அவள் பார்க்க வேண்டும். கடலைக்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம்.

நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது டிகிரித் தண்ணீர் எண்பத்தொன்றுக்குப் போயிருந்தது. ஐயாயிரத்து நூறு கலோரி! புத்தகத்திலேயே மூவாயிரத்து எழுநூறுதான். எங்கள் தகர டப்பா அடுப்பில் பாதிச் சூடு காற்றோடு போய்விடும். குறைந்து வந்தால் சரி, கூடுதலாக எங்கேயிருந்து வரும்?

தெர்மாமீட்டரைக் கொதிநீரில் விட்டுப் பார்த்தேன், நூறு காட்டியது. தராசிலும் குற்றமில்லை, அளவு ஜாடியும் சரி. அப்புறம் என்ன, இவளே எண்ணை இட்டுக்கட்டி எழுதியிருக்கிறாள்!

"செய்யாமலே எழுதிட்டு வந்து என்கிட்டயே காட்டுறியா? பொய்க்காரி!" என்று நாற்பத்திரண்டு பிள்ளைகள் முன்னால் கத்தினேன்.

"மெய்யாலுமே செஞ்சேன் டீச்சர்."

"வாயை மூடு!"

அவள் பெயரை அடித்துவிட்டு வேறொருத்தி பெயரை எழுதிப் பட்டியலைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். அம்மணி அழவில்லை. அந்த அழுத்தம் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

புதிதாகப் போகிறவளுக்குச் சரியான எண் வேண்டுமே என்று சாயங்காலம் நானே செய்து பார்க்க உட்கார்ந்தேன். கடலை பற்றவே மாட்டேன் என்றது. குச்சி குச்சியாகக் கிழித்தேன். கருகிப் புகைந்து அணைந்ததே தவிர எரியவில்லை. அரைத் தீப்பெட்டி காலி.

லேப் அட்டெண்டர் ரங்கன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா டீச்சரம்மா, ஒரே பேஜாரா கீதா? அந்த அம்மணிப் பொண்ணு ஒரே குச்சில பத்த வெச்சிகினு இருந்துச்சே. நான் பாத்தேன்."

"செஞ்சாளா?"

"மூணு தபா செஞ்சுது."

ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் அம்மணியைக் கூப்பிட்டு, "என் எதிர்ல செய்" என்றேன். கடலையை எடை போட்டாள். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து வெள்ளையாக ஒரு வில்லையை எடுத்துக் கடலை மேல் வைத்துக் குச்சியைக் காட்டினாள். குப்பென்று பிடித்தது. தண்ணீர் எண்பதைத் தாண்டியது.

"அடியே, அது என்னடி?"

"கற்பூரம் டீச்சர்."

"அதை ஏன் நோட்டுல எழுதல?"

"தீக்குச்சியையும் எழுதலியே டீச்சர். பத்த வெக்கத்தானே? வூட்ல வெளக்குத் திரி மேல வெக்கிற மாதிரி. அது எரிஞ்சா சாம்பல்கூட மிஞ்சாது. ஒண்ணுமே இல்லாததுக்கு இன்னா கணக்கு?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஜெபத்துக்கு மெழுகுவத்திதான். கற்பூரம் என் புத்தியில் எப்படித் தட்டும்? "மூடியில என்ன வெச்சே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

"ஒண்ணுமே இல்லாதது இல்லடி. கடலையைவிட அதுலதான் சூடு ஜாஸ்தி" என்றேன்.

அவள் சற்று யோசித்தாள். "அப்ப கற்பூரத்த மட்டும் தனியா எரிச்சு, வர்றத இதுல கழிச்சிட்டா?"

அதே மாதிரி இன்னொரு வில்லையை எரித்தோம். இருபத்தாறு டிகிரி ஏறியது. கழித்தால் கடலைக்கு இருபத்தைந்து, அதாவது இரண்டாயிரத்து ஐந்நூறு கலோரி. புத்தகத்தைவிடக் குறைவாக, வரவேண்டிய மாதிரியே வந்துவிட்டது! பதினாலு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே!

"அம்மணி, நீயே கண்காட்சிக்குப் போற. இப்பவே ஹெச்.எம். கிட்டப் பேசுறேன்" என்று எழுந்தேன்.

அவள் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கற்பூரத்தக் கழிச்சிட்டோம் டீச்சர். அத்தினி பேர் முன்னாடி பொய்க்காரின்னீங்களே, அத்த எப்டிக் கழிக்கிறது?"



மறுநாள் காலைப் பிரார்த்தனையில் மைக்கை வாங்கி, அம்மணி பொய் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னேன். பிள்ளைகள் தட்டிய தட்டலில் மைதானமே அதிர்ந்தது. பட்டியலில் அவள் பெயர் மறுபடி ஏறியது.

அம்மணி மட்டும் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டே நின்றாள்.