ஒற்றை ஹார்ன்

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வார்டு தேர்தலில் நின்றவள் நான். அதற்குப் போய் என் வீட்டு வாசலில் பாதுகாப்புத் துறை ஜீப் வந்து நின்றது. நல்ல கூத்து.

வந்த அதிகாரி, எங்கள் தெருவில் எத்தனை பேர் எங்கள் மொழி பேசுகிறார்கள் என்று கேட்டார். எல்லாரும்தான் என்றேன்.

"அதாம்மா பிரச்சினை. கடலுக்கு அந்தப் பக்கம் எதிரி நாட்டுலயும் இதே மொழிதான் பேசறாங்க. துறைமுகம் பூரா உங்க ஆளுங்க. இப்ப கவுன்சிலும் வேணுமா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மனுவை வாபஸ் வாங்கிடு. இல்லன்னா உன் புருஷனோட பாஸ் ரத்தாயிடும்."

பாஸ் இல்லாமல் துறைமுகத்துக்குள் கால் வைக்க முடியாது. என் கணவர் அங்கே மேலே கிரேன் ஓட்டுகிறவர். கீழே நின்று கைச்சைகை காட்டி அவரை இயக்கியவள் நான். மனு கொடுத்த அன்றே என் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். இனி அடுப்பு எரிவது அவருடையதை நம்பித்தான்.

ஜீப் போனதும் அவர் ஆரம்பித்தார். "விட்டுத் தொலையேன். ரெண்டு பிள்ளைங்க இருக்கு. குழாய் இல்லாம இத்தனை வருஷம் செத்தா போயிட்டோம்?"

"தண்ணி கேட்டதுக்கே என்னைத் துரோகியாப் பாக்கறாங்க. இப்ப பின்வாங்கினா, ஆமா, துரோகிதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுங்க. நான் விட மாட்டேன்."

மறுநாள் சாப்பிடாமலே வேலைக்குப் போனார். ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

அன்று மதியம் துறைமுக மதிலை ஒட்டிய திடலில் என் கூட்டம். எங்கள் மொழியில் பேசுவதானால் அரசு மொழிபெயர்ப்பாளர் கூட இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அந்த மகராசன் வரவே இல்லை. அரசு மொழியில் பேசலாம்தான். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது புரியாது. அதிகாரி ரெக்கார்டரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "உங்க மொழியில ஒரு வார்த்தை பேசினாலும் கேஸ்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மேடையேறினேன். வாயைத் திறக்கவில்லை. திடல் ஓரத்தில் துருப்பிடித்து நின்ற தெருக்குழாயைக் காட்டினேன். பிறகு என் நெஞ்சைத் தொட்டேன். பிறகு வலது கையை உயர்த்தி, விரலை வானத்தை நோக்கிச் சுழற்றினேன். துறைமுகத்தில் அதற்கு 'தூக்கு' என்று அர்த்தம். எதிரே இருந்தவர்கள் பூராவும் சுமை ஏற்றி இறக்குகிறவர்கள். ஒவ்வொரு கையாக உயர்ந்து, திடல் முழுக்க விரல்கள் சுழன்றன. ரெக்கார்டரில் காற்றுதான் பதிவாகிக்கொண்டிருந்தது.

அப்போது மதிலுக்கு மேலே, கிரேனிலிருந்து ஹார்ன் ஒரு தடவை நீளமாக ஒலித்தது. சைகை கிடைத்தது, தயார் என்று ஓட்டுகிறவர் சொல்லும் பதில் அது. அந்த உயரத்திலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கையை மட்டும் இறக்கவில்லை.

"யார் அது?" என்று அதிகாரி எழுந்தார்.

"எங்க வீட்டுக்காரர் சார்" என்றேன், அவருடைய மொழியிலேயே.

நான் வாபஸ் வாங்கவில்லை. சாயங்காலம் துறைமுக வாசலிலேயே அவருடைய பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெறுங்கையோடு வந்தவர் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, ஓட்டுக் கேட்கக் கிளம்பி நின்ற என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்தத் தெரு முதல்ல?" என்றார். "கையைக் காட்டு."