இந்த வருஷத்து கிரிக்கெட்டை வாங்கலாமா?

1
இது கதையாக எழுத உத்தேசித்ததல்ல. 2005இல் எங்கள் மயூர் விஹார் குடியிருப்பின் ஆண்டு மலருக்கு ராமமூர்த்தி சார் கட்டுரை கேட்டார். "வருஷா வருஷம் புது கிரிக்கெட் கம்ப்யூட்டர் கேம் வர்றதே, வாங்கறது தண்டமா இல்லையா? ஒரு பக்கம் எழுது, மாதங்கி." வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்டார். காரணம் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

எனக்கு ஆடத் தெரியாது. எங்கள் பிளாக்கில் ஆடுகிறவள் மாடி வீட்டு ஜலஜா மாமி. வயது நாற்பத்தாறு, செக்‌ஷன் ஆபீசர்.

2
முதல் ஆரம்பம்: "விளையாட்டு என்பது மனித குலத்தின்..." (அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "ஜலஜா மாமியிடம் ஒரு ரகசியம் இருந்தது." (பொய். கேட்டதுமே சொல்லிவிட்டாள். கல்லூரி அணியில் இடது கை சுழற்பந்து வீசியவள். எண்பத்தைந்தில் டெல்லி அணித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். "இதெல்லாம் இனிமே எதுக்கு?" என்றார் கணவர் சேஷன். அவள் போகவில்லை.)

3
சனிக்கிழமை மாமி, சேஷன், நான் மூவரும் சிடி வாங்க பாலிகா பஜார் போனோம். மாமி புது சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆட்டக்காரா சட்டையை மாத்தியிருக்கான், அவ்வளவுதான். போன வருஷத்தோடது போறாதா?" என்றார் சேஷன்.

மாமி கடைக்காரரிடம் ஹிந்தியில் கேட்டாள்: "பாய் சாப், இதுல லேடீஸ் டீம் உண்டா?"

அவர் சிரித்தார். "மேடம், இது கிரிக்கெட்!"

ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வியாம், இதே சிரிப்பாம்.

[இங்கே மாமியின் கண் கலங்குவதாக ஒரு வரி இருந்தது. கலங்கவில்லை. "அச்சா, பேக் பண்ணுங்க" என்றாள்.]

4
வீட்டுக்கு வந்ததும் புது ஆட்டக்காரர் ஒருவரை உருவாக்கினாள். கொடுத்திருந்த முகங்களில் பாதிக்கு மேல் தாடியும் மீசையும். மழமழவென்ற ஒன்றைப் பொறுக்கி, ஜலஜா என்று பெயர் வைத்தாள்.

கட்டுரைக்காக என் குறிப்பேட்டில் எழுதினேன்: புல்லில் பச்சை கூடியிருக்கிறது. பந்து நன்றாகத் திரும்புகிறது. பீல்டர்கள் போன வருஷம் போலவே கைக்கு வரும் பந்தை விடுகிறார்கள்.

ஜலஜா வீசிய முதல் ஓவரிலேயே விக்கெட். "அவன் பிரமாதமாக வீசினான்" என்று கம்ப்யூட்டர் வர்ணனையாளர் ஆங்கிலத்தில் கத்தினார். மாமி ஸ்பீக்கரை அணைத்தாள். அப்போது அவள் முகத்தில்

(இந்த வாக்கியம் எனக்கு வரவில்லை.)

சத்தமில்லாமல் இரண்டு பந்துகள் போயின. சேஷன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜலஜா வரா... கையைச் சுத்தறா... பந்து திரும்பறது... அடடா, ஸ்டம்ப் போச்சு! இவளை யாராலேயும் ஆட முடியலை!"

அசல் ரேடியோ குரல். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஓவர் முடியும்வரை நிறுத்தவில்லை.

மாமி திரும்பாமலே சொன்னாள்: "இதை எண்பத்தஞ்சுல சொல்லியிருக்கலாம்."

5
சேஷன் பதில் சொன்னார். ஒரு பிரதியில் அவரை மன்னிப்புக் கேட்க வைத்தேன். எனக்குப் பிடித்தது, அவருக்குப் பொருந்தவில்லை. இன்னொன்றில் காபி போட எழுந்து போனார். பொருந்தியது, பிடிக்கவில்லை.

உண்மையில் அவர் சொன்னது மூன்றே வார்த்தை. மாமியின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன. நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன். அந்த மூன்றையும் அச்சில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை.

அவர் நின்ற இடத்தில் நீங்கள் நில்லுங்கள். அவள் இன்னும் திரும்பவில்லை. அடுத்த ஓவரைத் தொடங்குவதற்குள் உங்கள் மூன்று வார்த்தையைச் சொல்லிவிடுங்கள்.