அழுகிற முகத்தைத் தொட்டது யார்

1

இந்தக் கதையை எழுத வைத்தது எரிச்சல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் இதைப் பாசம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. எழுதுவது நோட்டில். அட்டையில் 'இயற்பியல்' என்று போட்டிருக்கிறேன். அந்தச் சொல்லைப் பார்த்த பிறகும் நோட்டைத் திறக்கிற ஆள் எங்கள் வீட்டில் கிடையாது.

மூன்று தடவை தொடங்கிப் பார்த்தேன்.

'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் சிவரஞ்சனி ஜன்னலோரம்' (எறையூர்ப் பக்கம் பங்குனியில் எங்கே மழை? அடித்தாயிற்று.)

'மனம் என்பது ஒரு' (ஒரு என்ன? ஒரு நாள் பூராவும் யோசித்தேன். தெரியவில்லை.)

'சிவரஞ்சனிக்கு ஒரு சீட்டு வேண்டியிருந்தது.'

இது நிற்கிறது. இதை வைத்துக்கொண்டு போகலாம்.

2

சிவரஞ்சனிக்குப் பதினேழு வயது. கரும்பு ஆலைக்குத் தெற்கே உள்ள ஊர். பதினொன்றாம் வகுப்பு பாதியில் நின்றாள். அம்மா பொன்னம்மாளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்று மாதம் குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது என்றார்கள். அப்பா அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர், பத்து நாளுக்கு ஒருமுறை வருவார். ஆகவே குனிவதற்கும் குடம் தூக்குவதற்கும் சிவரஞ்சனிதான் இருந்தாள். மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் போயிருக்கலாம். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமே என்று போகவில்லை. வீட்டில் யாரும் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. படிப்பு அப்படித்தான் நின்றது.

இரண்டு வருஷம் கழித்துப் பெரம்பலூரிலிருந்து சத்யப்பிரியா என்ற அக்கா ஸ்கூட்டியில் வந்தார். படிப்பை நிறுத்திய பெண்களுக்கு ஒரு விடுதி. அங்கேயே தங்கி பிளஸ் டூ எழுதலாம். பன்னிரண்டு சீட்டு. சேருவதற்கு முன்னால் அறுபது நாள் ஒரு ஆப்பில் தினமும் மனநிலையைப் பதிவு செய்ய வேண்டும், இரண்டு வரி எழுதவும் வேண்டும். சிவரஞ்சனிக்குப் போன் இல்லை. அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தார்.

நேர்காணல் என்று கூப்பிட்டிருந்தால் அவளுக்கு வாய் திறந்திருக்காது. எழுதச் சொன்னதும் சீட்டு கிடைத்துவிட்டதாகவே நினைத்தாள். அவ்வளவு ஆசை.

3

இனி அந்த ஆப்.

'உங்கள் மனநிலை தற்போது எவ்வாறு உள்ளது?' என்று கேட்கும். எவ்வாறு உள்ளதாம். கீழே வரிசையாக ஐந்து மஞ்சள் முகங்கள்: வாய் கிழியச் சிரிப்பது, கொஞ்சம் சிரிப்பது, உம்மென்று இருப்பது, வாடியது, கண்ணீர் விட்டு அழுவது. காலை எட்டு மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும், மத்தியானம் ஒருமுறை அடிக்கும். காலையில் போன் சிவரஞ்சனியிடம் இருக்கும். எட்டரைக்கு அம்மா நூறுநாள் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமையென்றால் அம்மா ஆடு மேய்க்கப் போகும்போது போனும் கூடவே போகும். காலைக் கேள்விக்குப் பதில் போட்டாயிற்றே, மத்தியானக் கேள்வி சும்மா கிடந்துவிட்டுப் போகட்டும் என்று சிவரஞ்சனி விட்டுவிட்டாள்.

(வாசகரே, இந்த இடத்தில் உங்களை ஏமாற்றி ரகசியம் காக்கலாம். எனக்கு அதில் பொறுமை இல்லை. மத்தியானக் கேள்விக்குப் பதில் போய்க்கொண்டிருந்தது.)

அவள் தினமும் கொஞ்சம் சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். முழுச் சிரிப்பு என்றால் நம்ப மாட்டார்கள். 'இன்று நன்றாக இருக்கிறேன். காலையில் இட்லி சாப்பிட்டேன்' என்று எழுதினாள். அன்று இட்லி இல்லை. அடுத்த நாள் 'தோசை சாப்பிட்டேன்'. உண்மையில் நடந்ததெல்லாம் நோட்டுக்குப் போனது. ஆப்புக்குப் பலகாரம் போனது.

பதிலுக்கு அது 'அருமை! ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து உங்கள் நாளைத் தொடங்குங்கள்' என்றது. அந்தத் தெருவில் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு காலையும் அந்த வரியைப் படிக்கும்போது போனைக் குடத்துக்குள் போடலாம் போலிருக்கும். சீட்டுக்காகப் பொறுத்துக்கொண்டாள்.

4

நாற்பத்திரண்டாம் நாள், ஞாயிறு, அம்மா ஆட்டை அவிழ்ப்பதற்குள் சத்யப்பிரியா வந்து நின்றார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். மேலும் கீழுமாகக் கோடு. தினமும் காலை சிரிப்பு, ஒரே ஒரு நாள் தவிர தினமும் மத்தியானம் அழுகை. ஓரத்தில் சிவப்புக் குறி.

"அஞ்சு மணி நேரத்துல இப்படி மாறுனா எப்படி ரஞ்சனி? ஹாஸ்டல்ல நாங்க ரெண்டே பேருதான். மொதல்ல டாக்டரப் பாப்போம். சீட்ட அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

சிவரஞ்சனி வாயைத் திறந்தாள். (இந்த இடத்தில் ஒரு நல்ல கதாபாத்திரம் பேசியிருக்கும். 'அது நான் இல்லை அக்கா' என்று நாலு சொல்தான். நான் எழுதியும் கொடுத்தேன். இவள் சொல்லவில்லை. காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது?)

காரணம் ஏதாவது இருந்தால் ஆப்பில் 'விளக்கம்' என்ற கட்டத்தில் எழுதி நாளைக் காலை பத்து மணிக்குள் அனுப்பு, அறுபது நாள் முடியாவிட்டாலும் அதற்குப் பிறகு பட்டியல் மேலே போய்விடும் என்று சொல்லிவிட்டு சத்யப்பிரியா கிளம்பினார். ஸ்கூட்டி தெருமுனையைத் தாண்டும் வரை பொன்னம்மாள் அசையவில்லை.

"நாந்தான்டி தொட்டேன்" என்றாள்.

வேலையிடத்தில் மத்தியானம் வருகைக்குப் போட்டோ பிடிக்கிற நேரமும் இந்த மணி அடிக்கிற நேரமும் ஒன்றாம். இதற்கும் பதில் காட்டாவிட்டால் மகள் பேரை வெட்டிவிடுவார்களோ என்று பயந்து தொட்டாளாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முகத்துக்குப் படிப்பு எதற்கு?

"தொட்டது சரி. அழுவுற மூஞ்சிய ஏம்மா தொட்ட?"

"பின்ன சிரிக்கிற மூஞ்சியவா தொடுவாங்க? மக்காச்சோளத்துல படைப்புழு வந்தப்ப எதிர்வூட்டு ரத்தினம்மா, வெளச்சல் பரவால்லிங்க சார்னு வாய்தவறி சொல்லுச்சி. அதுக்கு நிவாரணம் வந்துச்சா? கணக்கெடுக்க வர்றவங்ககிட்ட நல்லாருக்கோம்னு சொல்லுவாளாடி ஒருத்தி?"*

*அடிக்குறிப்பு: இது பேராசை இல்லை. எங்கள் பக்கம் மேலேயிருந்து யாராவது 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டால் அது விசாரிப்பு அல்ல, பயிர்ச்சேதக் கணக்கு. சாதாரணமாக எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற ஆட்கள் அழுகிற முகத்தோடும் சிரிக்கிற முகத்தோடும் வருவதில்லை. ஆப் செய்தவர்களுக்கு இதை யார் சொல்வது?

5

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். விளக்கத்தில் 'அம்மா நிவாரணம் என்று நினைத்துத் தொட்டுவிட்டாள்' என்று எழுதினால் போதும். சத்யப்பிரியா சிரிப்பார், ஆபீசில் நாலு பேர் சிரிப்பார்கள், சீட்டு கிடைக்கும். சிவரஞ்சனி எழுதவும் தொடங்கினாள். 'என் அம்மா நிவாரணம்'

நின்றுவிட்டாள். பாழாய்ப்போன நோட்டுதான் காரணம்.

பத்தொன்பதாம் நாள் நோட்டில் ஒரு வரி இருந்தது. அன்று அம்மா, இந்தப் போன்ல காசு எப்ப ஏறும் என்று கேட்டாள். இது காசு கொடுக்கிற ஆப் இல்லை, மனசு எப்படி இருக்குன்னு கேக்குது, அவ்வளவுதான் என்று இவள் சொன்னாள். அம்மா ஓகோ என்றாள். ஆப்பில் பழைய பதில்களை முதல்முறையாகத் திறந்து பார்த்தாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள். நிவாரணம் இல்லையென்று தெரிந்த பின்னும் இருபத்தொரு நாள் அழுகிற முகம். ஒரே ஒரு நாள், முப்பத்துமூன்றாம் நாள் மட்டும், வாய் கிழியச் சிரிக்கிற முகம். அன்று என்ன என்று நோட்டைப் புரட்டினாள். 'சத்யப்பிரியா அக்கா அம்மாவுக்குப் போன் செய்து, உங்க பொண்ணுக்குச் சீட்டு அநேகமா கிடைச்சிரும்னு சொன்னாங்களாம்.'

பொன்னம்மாள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். சிவரஞ்சனி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, காசு இல்லையென்று தெரிந்த பிறகும் ஏன் என்று கேட்டாள்.

"தெனம் கேட்டுச்சி. சொன்னேன்." தழையை இறுக்கிக் கட்டினாள். "எனக்குக் குடம் தூக்கித்தான உம் படிப்பு போச்சு. அத யாருகிட்டப் போயி சொல்றது? இது பேசாம வாங்கிக்கிச்சி."

பிறகு சொன்னாள்: "அதெல்லாம் எழுதாத. காசுக்கு ஆசப்பட்டுத் தொட்டுட்டா, வெவரம் தெரியாத பொம்பளன்னு எழுது. எழுதிட்டுக் கெளம்புற வழியப் பாரு."

6

மூன்று முடிவு வைத்திருக்கிறேன். மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று. அம்மா சொன்னபடியே எழுதுகிறாள். ஜூன் மாதம் பெட்டியோடு பெரம்பலூர் பஸ் ஏறுகிறாள். அம்மாவுக்கு ஆசைக்காரி என்று பேர் நிற்கிறது.

இரண்டு. உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள். சத்யப்பிரியா நல்லவர், டாக்டரிடம் அம்மாவை அழைத்துப் போவார். 'இந்த நிலைமையில் அம்மாவை விட்டுட்டு வர்றியாம்மா' என்று அதே நல்ல குணத்தோடு கேட்பார். சிவரஞ்சனிக்கு அதற்குப் பதில் சொல்ல வாய் வராது. வராது என்பது உங்களுக்கே தெரியும்.

மூன்று. எதுவும் எழுதவில்லை. (இதை எழுதும்போதே பேனாவை வீசினேன்.)

நடந்தது வரைக்கும் சொல்கிறேன். திங்கட்கிழமை அம்மா போனை எடுக்காமலே வேலைக்குப் போனாள். மணி ஒன்பது நாற்பது. சிவரஞ்சனி விளக்கக் கட்டத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். அம்மா சொன்னதை எழுதினால் கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது, இடம்கூட மிச்சம். இன்னொன்றை எழுதினால், 'என் அம்மா தினமும் அழுதது உண்மை, ஆனால் நான் போனால் அவள் சிரிப்பாள்' என்று வருவதற்குள் கட்டம் நிறைந்து, கடைசிச் சொல்லைத் தின்றுவிடுகிறது. 'நான் போனால் அவள்' என்று நிற்கிறது. அப்படி அனுப்பினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆறு தடவை சுருக்கியாயிற்று. ஒரு சொல்லை எடுத்தால் அழுகை போய்விடுகிறது, இன்னொன்றை எடுத்தால் அம்மா போய்விடுகிறாள்.

நீங்கள் நிறையப் படித்தவர்கள். உங்களில் யாருக்காவது சுருக்க வந்தால் சுருக்கிச் சொல்லுங்கள். பத்து மணிக்குள்.